83 ஒர்க்ஃப்ளோ, 6 பேர், ஒரே பட்டியல்: எப்படிப் பிரிப்பது?

முடிச்சு

வணக்கம். பல செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாக ஓட்டும் என்8என் கருவியை எங்கள் சொந்த சர்வரில் வைத்து இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தொடங்கியபோது நான் ஒருவன்தான். இப்போது ஆறு பேர், 83 ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்). வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை நாள் ஆறு பேருக்கும் ஒரே லாகின்.

பெயர்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். 'மை ஒர்க்ஃப்ளோ 14', 'இன்வாய்ஸ் புதுசு ஃபைனல் 2', 'டெஸ்ட் - தயவுசெய்து தொடாதே'. இதில் கடைசியாகச் சொன்னது டெஸ்டே இல்லை. தினமும் காலை 6 மணிக்கு ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. தொட யாருக்கும் தைரியம் இல்லை.

போன மாதம் புராஜெக்ட் வசதி (ஒர்க்ஃப்ளோக்களைத் தனித்தனியாகப் பிரித்து, எதில் யாருக்கு உரிமை என்று வைப்பது) உள்ள திட்டத்துக்கு மாறினோம். ஆளுக்கு ஒரு லாகினும் வந்துவிட்டது. மேலாளர் சொல்வது: துறைக்கு ஒரு புராஜெக்ட் போடு, வேலை முடிந்தது. நானும் விற்பனை, கணக்கு, ஆள்சேர்ப்பு, சப்போர்ட் என்று நான்கு பெயர் எழுதிவைத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். பத்தாவது ஒர்க்ஃப்ளோவிலேயே மாட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் முழு விவரம் எடுத்துத் தரும் ஒர்க்ஃப்ளோ ஒன்று இருக்கிறது, நான்கு துறையும் அதைக் கூப்பிடுகிறது. ஸ்லாக்கில் செய்தி போடுவதும் அப்படியே. கூகுள் ஷீட்ஸ் கிரெடென்ஷியல் (அதற்குள் நுழையும் சாவி) ஒன்றையே 40 ஒர்க்ஃப்ளோ பயன்படுத்துகின்றன. இவற்றையெல்லாம் எங்கே வைப்பது?

வரிக்குதிரை

டேக் போதுமே. நாங்கள் டேக்கிலேயே ஓட்டுகிறோம். துறைக்கு ஒரு டேக், 'லைவ்', 'டெஸ்ட்', 'பழசு' என்று நிலைக்கு ஒரு டேக். பெயரில் முதலில் துறை, அடுத்து எது தூண்டுகிறது, அப்புறம் என்ன செய்கிறது: 'கணக்கு | தினமும் | பாக்கி நினைவூட்டல்'. தேடினால் கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

முடிச்சு

உங்கள் குழுவில் எத்தனை பேர்?

வரிக்குதிரை

இரண்டு. நானும் இன்னொருவரும். சரி, புரிகிறது, சிரிக்காதீர்கள்.

பழைய ஆணி

துறை வாரியாகப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்து அடிபட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

புராஜெக்டை அலமாரி மாதிரி நினைத்துத்தான் எல்லோரும் பிரிக்கிறார்கள். சாவிக்கொத்து என்று நினைத்துப் பிரித்துப் பாருங்கள், கோடுகள் வேறு இடத்தில் விழும். ஒரு புராஜெக்டில் எடிட்டராக இருப்பவர் அங்குள்ள எல்லா ஒர்க்ஃப்ளோவையும் மாற்றலாம். அதைவிட முக்கியம், அங்குள்ள எந்தக் கிரெடென்ஷியலையும் தன் நோடில் (ஒர்க்ஃப்ளோவின் ஒரு படி) வைத்து ஓட்டலாம். ஆகவே 'இது எந்தத் துறையின் வேலை' என்பதற்கு முன்னால் 'இந்தச் சாவி யார் கையில் இருக்கலாம்' என்று கேட்க வேண்டும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணக்குத் துறைக்கு ஒரே புராஜெக்ட் வைத்திருந்தோம். வாராந்திர அறிக்கை மின்னஞ்சலும் அதில்தான், வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பி அனுப்பும் ஒர்க்ஃப்ளோவும் அதில்தான். புதிதாக வந்த பையனிடம் அறிக்கையின் வாசகத்தைத் திருத்தச் சொல்லி எடிட்டர் பொறுப்பு கொடுத்தேன். அவன் நல்ல பையன், ஆர்வத்தில் பணம் திருப்பும் நோடையும் கற்றுக்கொள்ளலாம் என்று தனியாக ஒரு ஒர்க்ஃப்ளோ திறந்து, நோடைப் போட்டான். புது நோடு போட்டால் அந்த வகைக்கு ஏற்கெனவே இருக்கும் கிரெடென்ஷியல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்து உட்கார்ந்தது லைவ் சாவி. மாதிரிக்கு என்று ஷீட்டிலிருந்து எடுத்த வரிகள் உண்மையான ஆர்டர்கள். 17 பேருக்குப் பணம் திரும்பிப் போய்விட்டது. பதினெட்டாவதில் ஒரு தேதி தவறாக இருந்ததால் நின்றது. அந்தத் தவறான தேதிக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அவன் சாவியைப் பார்க்கவில்லை. திரையில் அது மறைத்துத்தான் இருக்கும். ஆனால் பார்க்காமலேயே கதவு திறந்தது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரி) டோக்கன் (கடவுச்சொல் போன்ற ரகசியச் சரம்) வைக்கும் பொதுவான வகைக் கிரெடென்ஷியலை, எந்த இணைய முகவரிக்கும் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடில் போட்டு, வந்த ஹெடரை அப்படியே திருப்பிக் காட்டும் ஏதாவது ஒரு முகவரிக்கு அனுப்பினால், மறைத்துவைத்த டோக்கன் பதிலில் வெளிச்சமாக வந்து நிற்கும். புதிய பதிப்புகளில் எந்த டொமைனுக்கு மட்டும் போகலாம் என்று கிரெடென்ஷியலிலேயே கட்டிவைக்க முடிகிறது, அதைச் செய்யுங்கள். செய்தாலும், பயன்படுத்தும் உரிமை கொடுத்தவரிடம் சாவியையே கொடுத்ததாக எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இப்போது எங்கள் கணக்குத் துறை இரண்டு புராஜெக்ட். 'கணக்கு - அறிக்கை', 'கணக்கு - பணம்'. இரண்டாவதில் இரண்டே பேர். துறை வாரியாகப் பார்க்க வேண்டும் என்று மேலே கேட்டால், டேக் எல்லாப் புராஜெக்டுக்கும் பொதுவாக இருப்பதால் வரிக்குதிரை சொன்ன வழி அங்கே உதவும். ஒரே புராஜெக்டுக்குள் அடுக்கிவைக்க ஃபோல்டர் இருக்கிறது. அது வெறும் அடுக்குதான், அதனால் யாருக்கும் கூடுதல் உரிமை வராது, உரிமை குறையவும் குறையாது.

முடிச்சு

படித்துவிட்டு வயிறு கலங்கியது. எங்களிடமும் பணம் திருப்பும் ஒர்க்ஃப்ளோவும் அறிக்கையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

இன்னொரு சந்தேகம். சோதனைக்காக ஒரு ஒர்க்ஃப்ளோவை என் தனியிடத்திலிருந்து 'சப்போர்ட்' புராஜெக்டுக்கு நகர்த்தினேன். என் சக ஊழியர் திறந்தால் மூன்று நோடு சிவப்பாக நிற்கிறது. எனக்குச் சரியாக ஓடியதே?

டோக்கன் தொலைத்தவர்

நகர்த்தும்போது, அதில் பயன்படும் கிரெடென்ஷியலையும் புதிய புராஜெக்டுடன் பகிரவா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அவசரத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஒர்க்ஃப்ளோ வீடு மாறியது, சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஏற்கெனவே தனித்தனி ஆட்களுடன் பகிர்ந்திருந்தால் அதுவும் நகர்த்தியதோடு போய்விடும், மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பகிர்வதற்கு முன்னால் அந்தக் கிரெடென்ஷியல் யாருடைய கணக்கில் இணைக்கப்பட்டது என்று பாருங்கள். என் பெயருக்குக் காரணமே இந்தக் கதைதான்.

எங்களிடம் ஜிமெயில் கிரெடென்ஷியல் ஒன்று, குழுவில் ஒருவருடைய சொந்த அலுவலகக் கணக்கில் இணைத்தது. அவர் ஒருநாள் சாதாரணமாகக் கடவுச்சொல்லை மாற்றினார். ஜிமெயில் அனுமதி உள்ள டோக்கன்கள் கடவுச்சொல் மாறினால் செல்லாமல் போய்விடும், அது கூகுளின் விதி. 11 ஒர்க்ஃப்ளோ ஒரே நேரத்தில் படுத்தன. அவருக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது, எங்களோடு சேர்ந்து அவரும் மூன்று மணி நேரம் காரணம் தேடினார்.

இதைவிட வேடிக்கை அடுத்தது. இதற்கென்றே பொதுவான கணக்கு ஒன்று உருவாக்கி, கடவுச்சொல் கொடுக்காமல் அனுமதி வாங்கும் ஓஆத் செயலி ஒன்றைப் புதிதாகப் பதிவு செய்து இணைத்தோம். செவ்வாய்க்கிழமை வேலை செய்தது. அடுத்த செவ்வாய் நின்றது. மறுபடி இணைத்தோம். அதற்கடுத்த செவ்வாய் மறுபடி நின்றது. சர்வர் மறுதொடக்கம், நெட்வொர்க், அந்த நாளில் மட்டும் ஓடும் பேக்கப் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். ஐந்தாவது வாரம்தான் ஒருவர் கூகுள் கன்சோலில் அந்தச் செயலியின் நிலை 'டெஸ்டிங்' என்று இருப்பதைக் கவனித்தார். அந்த நிலையில் வெளிப் பயனருக்கான செயலியின் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். 'புரொடக்ஷன்' என்று மாற்றினோம், செவ்வாய்க்கிழமைகள் அமைதியாகிவிட்டன.

அதனால் பகிரும் கிரெடென்ஷியல் எதுவும் ஆள் பெயரில் இருக்கக் கூடாது. பொறுப்பின் பெயரில் ஒரு கணக்கு வைத்து, அதன் மூலம் இணையுங்கள். தானாக வரும் 'கூகுள் ஷீட்ஸ் அக்கவுண்ட் 3' என்ற பெயரை உடனே மாற்றுங்கள். எங்கள் வழக்கம்: 'ஷீட்ஸ் | அறிக்கைக் கணக்கு | படிக்க மட்டும்'. நாற்பது ஒர்க்ஃப்ளோவுக்கும் ஒரே ஷீட்ஸ் சாவி என்றீர்களே, அதில் எத்தனை ஒர்க்ஃப்ளோ ஷீட்டில் எழுதுகின்றன, எத்தனை படிக்க மட்டும் செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா?

நீலக்குறிஞ்சி

நான் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் பக்கம். கருவி வேறு, வலி ஒன்றுதான். ஒருவர் தன் பெயரில் ஃப்ளோ எழுதுவார், துணை உரிமையாளர் சேர்க்க மாட்டார், போய்விடுவார். ஃப்ளோ அனாதையாகும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு அவருடைய இணைப்பு அறுந்ததும் நிற்கும். அப்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியும்.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, பெயர் கனெக்ஷன் ரெஃபரன்ஸ். சொல்யூஷன் என்ற தொகுப்புக்குள் இருக்கும் ஃப்ளோ நேராக ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளாது, 'இங்கே ஷேர்பாயிண்ட் இணைப்பு ஒன்று வரும்' என்ற காலி இடத்தைத்தான் சுட்டும். சோதனைச் சூழலில் ஒன்றை அதில் மாட்டலாம், லைவில் வேறொன்றை மாட்டலாம். ஃப்ளோவைத் தொடவே வேண்டாம். எந்தக் கருவியாக இருந்தாலும் இந்த எண்ணத்தைக் கடன் வாங்கலாம் என்று தோன்றுகிறது.

இண்டெக்ரோமேட் காலத்து ஆள்

மேக்கில் (இண்டெக்ரோமேட்டின் இப்போதைய பெயர், இதே வகைக் கருவி) இந்தக் குழப்பம் குறைவு. மேலே நிறுவனம், அதன் கீழே டீம். சினாரியோ (அங்கே ஒர்க்ஃப்ளோவுக்குப் பெயர்), கனெக்ஷன், வெப்ஹுக் (வெளியிலிருந்து தரவு வந்து விழும் முகவரி), டேட்டா ஸ்டோர் எல்லாம் டீமுக்குச் சொந்தம். ஆனால் ஒரு டீமின் கனெக்ஷன் அந்த டீமோடு சரி. அதே வேலையை இரண்டு டீம் செய்தால் இரண்டு முறை இணைக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, பழைய ஆணியின் 17 பேர் கதையைப் படித்தபின் அந்த எரிச்சல் போய்விட்டது.

பழைய ஆணி

முடிச்சு, உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பொதுவானவை எங்கே?

'பொது' என்று ஒரு புராஜெக்ட் வையுங்கள், ஆனால் அதில் சாவியை வைத்து எல்லோருக்கும் பகிராதீர்கள். வேலையைப் பகிருங்கள். சப் ஒர்க்ஃப்ளோ, அதாவது மற்ற ஒர்க்ஃப்ளோக்கள் கூப்பிடும் ஒர்க்ஃப்ளோ, எந்தப் புராஜெக்டில் இருக்கிறதோ அங்குள்ள கிரெடென்ஷியலில்தான் ஓடும். கூப்பிடுகிறவரிடம் அந்தச் சாவி இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் விவரம் எடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளச் சாவி 'பொது'வில் மட்டும். சப்போர்ட் ஆட்கள் எண்ணைக் கொடுப்பார்கள், பெயரும் முகவரியும் திரும்பி வரும். அவர்களால் அந்தத் தரவுத்தளத்தில் வேறு எதையும் கேட்க முடியாது. எங்கள் பணம் திருப்பும் வேலையையும் இப்படித்தான் மாற்றினோம். ஆர்டர் எண்ணைக் கொடுக்கலாம், தொகையை அது தானே சரிபார்க்கும், ஒரே ஓட்டத்தில் ஐந்துக்கு மேல் போனால் நின்று மனிதரைக் கேட்கும்.

சப் ஒர்க்ஃப்ளோவின் செட்டிங்ஸில் 'யார் இதைக் கூப்பிடலாம்' என்று ஓர் இடம் இருக்கிறது. வழக்கமாக அதே புராஜெக்ட் மட்டும் என்றிருக்கும். மற்ற புராஜெக்டிலிருந்து கூப்பிட்டால் பிழை வருவது இதனால்தான். எல்லோருக்கும் திறந்துவிடாமல், கூப்பிட வேண்டிய ஒர்க்ஃப்ளோக்களின் எண்களைப் பட்டியலாகக் கொடுக்கலாம். கொஞ்சம் சிரமம்தான், ஆனால் யார் யார் இதை நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே பதிவேடாகிவிடுகிறது.

அந்தப் பதிவேடு எதற்கு என்றால், இதற்கு. எங்கள் பொதுவான 'செய்தி அனுப்பு' சப் ஒர்க்ஃப்ளோவில் வரும் ஃபீல்டின் பெயர் 'டெக்ஸ்ட்'. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, 'மெசேஜ்' என்று மாற்றிச் சேமித்தேன். கூப்பிடும் ஒர்க்ஃப்ளோக்கள் பழைய பெயரிலேயே அனுப்பின. எதுவும் சிவப்பாகவில்லை. சேனலில் செய்தி வந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் தலைப்பு. பிழை அறிவிப்பும் அதே சப் ஒர்க்ஃப்ளோ வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் எச்சரிக்கை சேனலில் காலித் தலைப்புகள் வரிசையாக வந்து குவிந்தன. பார்த்த ஒவ்வொருவரும் யாரோ சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் மூன்று பழக்கம் வந்தது. சப் ஒர்க்ஃப்ளோவின் தொடக்க நோடில் என்னென்ன ஃபீல்டு வேண்டும் என்று வகையோடு அறிவித்துவிடுவோம், கூப்பிடும் நோடு அதையே படிவமாகக் காட்டும். வடிவம் மாற வேண்டும் என்றால் பழையதைத் தொடாமல் பக்கத்தில் '2' போட்டுப் புதியது, கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக மாறியபின் பழையதை அணைப்போம். பிழை அறிவிக்கும் ஒர்க்ஃப்ளோ மட்டும் தன்னந்தனியாக நிற்கும். பிழை வந்தால் ஓடத் தொடங்கும் எர்ரர் டிரிக்கர், ஒரு ஸ்லாக் நோடு, அவ்வளவுதான். அது யாரையும் கூப்பிடாது.

வரிக்குதிரை

நல்ல விஷயம்தான், ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சப் ஒர்க்ஃப்ளோவாக நறுக்கிவைத்த ஓர் இடத்தில் முன்பு வேலை பார்த்தேன். ஒரு ஆர்டர் ஏன் போகவில்லை என்று பார்க்க ஏழு ஓட்டப் பதிவுகளைத் திறந்து திறந்து உள்ளே போக வேண்டும். நான்காவதில் 'எங்கிருந்து வந்தேன்' என்றே மறந்துவிடும். தேதியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கெல்லாம் ஒரு சப் ஒர்க்ஃப்ளோ! இரண்டு நோடு வேலை என்றால் நகலெடுத்துப் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. நகல் கெட்டால் ஒரு இடம்தான் கெடும்.

பழைய ஆணி

ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோல்: உள்ளே ஒரு சாவி இருக்கிறதா, அல்லது மாறக்கூடிய ஒரு விதி இருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் நகல் போதும். தேதி மாற்றத்துக்கு இரண்டும் இல்லை.

புதுவரவு 7

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் அண்ணா. ஒரே ஒர்க்ஃப்ளோவை இரண்டு பேர் திறந்து மாற்றினால் என்ன ஆகும்? கூகுள் டாக்ஸ் மாதிரி ஒன்றாக எழுத முடியுமா?

பழைய ஆணி

முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது திறந்திருந்தால் மேலே அவர் முகம் தெரியும், தனித்தனி லாகின் இருந்தால்! முடிச்சு முன்பு வைத்திருந்த மாதிரி ஆறு பேர் ஒரே லாகினில் இருந்தால் எல்லோரும் ஒரே முகம்தான். நாங்கள் கேன்வாஸில் மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒன்று வைக்கிறோம்: பொறுப்பு யார், ஏன் இருக்கிறது, நின்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். மாற்றத் தொடங்குகிறவர் சேனலில் ஒரு வரி போட்டுவிட்டுத் திறப்பார். பழைய வழிதான், வேலை செய்கிறது.

இரவுப்பணி

நீங்கள் எல்லோரும் மாடி அறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். முடிச்சு, உங்கள் என்கிரிப்ஷன் கீ எங்கே இருக்கிறது?

'தெரியாது' என்பது பதில் என்றால் இன்றே போய்ப் பாருங்கள். எல்லாக் கிரெடென்ஷியலும் தரவுத்தளத்தில் அந்தக் கீயால் பூட்டித்தான் இருக்கும். நீங்களாக எதுவும் கொடுக்கவில்லை என்றால் முதல் முறை ஓடும்போது அதுவே ஒன்றை உருவாக்கி, ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் தன் டைரக்டரியில் எழுதி வைத்துக்கொள்ளும். நாங்கள் சர்வர் மாற்றினோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பேக்கப்பை அழகாக மீட்டோம். ஒர்க்ஃப்ளோ அத்தனையும் வந்தன, கிரெடென்ஷியல் பெயர்களும் வந்தன. ஒன்றும் திறக்கவில்லை. கீ என்8என் ஓடிய பழைய கன்டெய்னருக்குள் இருந்தது, வால்யூம் (கன்டெய்னர் அழிந்தாலும் தங்கும் சேமிப்பிடம்) எதுவும் மாட்டாத கன்டெய்னர், அழித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. 31 கிரெடென்ஷியலை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டு மறுபடி போட வேண்டியிருந்தது. அதில் ஆறு யாருடையது என்றே தெரியவில்லை, விட்டுவிட்டோம். இன்றுவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது ஜேசன், ஒர்க்ஃப்ளோவை எழுத்துக் கோப்பாக இறக்கும் வடிவம். ஒர்க்ஃப்ளோவை ஜேசனாக இறக்கி அடுத்தவருக்கு அனுப்புவது எல்லோரும் செய்கிற ஒன்று. கிரெடென்ஷியலின் பெயரும் எண்ணும்தான் அதில் போகும், ரகசியம் போகாது. சரிதான். ஆனால் கர்ல் கட்டளையை (டெர்மினலிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் வரி) ஒட்டி உருவாக்கிய எச்டிடிபி நோடில் டோக்கன் ஹெடராகவே உட்கார்ந்திருக்கும், அது அப்படியே போகும். சோதனைக்காகப் பின் செய்துவைத்த, அதாவது நோடிலேயே நிறுத்திவைத்த தரவும் போகும். எங்களில் ஒருவர் உதவி கேட்டுப் பொதுவெளியில் போட்ட ஜேசனில் நான்கு வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண் இருந்தது. பின் செய்ததை எடுத்துவிட்டு இறக்குங்கள்.

மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட்டோடு இணைக்கும் வசதி உங்கள் திட்டத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். சோதனைக்கு ஒரு கிளை, லைவுக்கு ஒரு கிளை, தனித்தனி இன்ஸ்டன்ஸ் (தனியாக ஓடும் என்8என்). கிட்டுக்குப் போவது கிரெடென்ஷியலின் வெற்றுக்கூடு மட்டும்தான், உள்ளே இருப்பதை ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் நீங்களே நிரப்ப வேண்டும். நீலக்குறிஞ்சி சொன்ன காலி இடம் இங்கே இப்படி வருகிறது. யார் பார்த்து ஒப்புதல் தருவது என்பதெல்லாம் கிட் பக்கம் நடக்க வேண்டியது. ஒரு தொல்லை சொல்கிறேன்: நோடின் இடமும் ஜேசனில் பதிவாகும். அழகுக்காக நாலு நோடைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் அதுவும் மாற்றமாகத் தெரியும். உண்மையில் மாறிய ஒரு வரியை அந்தக் கூட்டத்தில் தேட வேண்டும். நகர்த்துவது தனி கமிட் (கிட்டில் ஒரு பதிவு), மாற்றுவது தனி கமிட் என்று வைத்துக்கொண்டோம்.

முடிச்சு

கீயைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே மறைந்த டைரக்டரியில் இருக்கிறது, நல்லவேளை வால்யூம் மாட்டியிருக்கிறோம். நகல் எடுத்துப் பெட்டகத்தில் வைத்தாயிற்று. கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை.

மற்றதைச் செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முடிச்சு (மூன்று வாரம் கழித்து)

வந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒர்க்ஃப்ளோவைத் தொடவே இல்லை. ஒரு ஷீட்டில் கிரெடென்ஷியல்களை எழுதினோம், 38 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக 'இதை யார் பயன்படுத்தலாம்' என்று எழுதியபோதே புராஜெக்ட்கள் தானாக வந்து விழுந்தன: பணம், வாடிக்கையாளர் தகவல், ஆள்சேர்ப்பு, அறிக்கைகள், பொது. துறை நான்கு, புராஜெக்ட் ஐந்து, இரண்டும் எங்குமே பொருந்தவில்லை. விற்பனை ஆட்கள் மூன்று புராஜெக்டில் இருக்கிறார்கள். மேலாளருக்கு டேக் போட்டு வடிகட்டிக் காட்டினேன், சமாதானமாகிவிட்டார்.

ஷீட்ஸ் சாவியைப் பற்றிக் கேட்டீர்களே, எண்ணினேன். 40-இல் 9 மட்டும்தான் எழுதுகின்றன. இரண்டு கணக்காகப் பிரித்து, எழுதும் கணக்குக்கு அந்த ஒன்பதும் எழுதும் ஷீட்களை மட்டும் பகிர்ந்தோம்.

அடுத்தது, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று கண்டுபிடிப்பது. ஓட்டப் பதிவைப் பார்க்கலாம் என்றால் 14 நாளுக்கு மேல் பழையது அழிந்துவிடுகிறது, 336 மணி நேரம் என்று தானாக அமைந்திருப்பதை நாங்கள் மாற்றியதே இல்லை. சரி என்று, யாருக்கும் தெரியாத 26 ஒர்க்ஃப்ளோவை அணைத்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருந்தோம். மூன்று பேர் கத்தினார்கள். ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை, சரியாக அந்த வாரம்தான் அதன் முறை. மற்ற 23-ஐ இப்போதைக்கு ஆர்க்கைவில் போட்டிருக்கிறோம், அழிக்கவில்லை.

ஒரு தவறும் செய்தேன். வெளியிலிருந்து ஆர்டர் வந்து விழும் வெப்ஹுக் ஒர்க்ஃப்ளோவை நகர்த்தாமல், பாதுகாப்பு என்று நினைத்து நகலெடுத்து, நகலைப் புதிய புராஜெக்டில் வைத்து, பழையதை அணைத்தேன். நகர்த்தினால் முகவரி மாறாது. நகலெடுத்தால், தானாக வந்த முகவரியாக இருந்தால், புதிதாக ஒன்று வரும். ஒரு மணி நேரம் ஆர்டர் எதுவும் வரவில்லை, இன்று கூட்டம் குறைவு போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

'பொது'வில் இப்போது நான்கே சப் ஒர்க்ஃப்ளோ. பிழை அறிவிப்பு தனியாக நிற்கிறது, யாரையும் கூப்பிடாமல்.

மிச்சம் இருப்பது ஒன்று. 'டெஸ்ட் - தயவுசெய்து தொடாதே'.

பழைய ஆணி

அருமை. அதைத் திறந்து பார்த்தீர்களா? எந்தக் கிரெடென்ஷியலில் ஓடுகிறது?

முடிச்சு

பார்த்தோம். ஒரு ஷீட்டைப் படித்து, பாக்கி வைத்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார். ஜிமெயில் நோடில் இருப்பது அவருடைய அலுவலகக் கணக்கு.

டோக்கன் தொலைத்தவர்

அவர் போய் எட்டு மாதம் என்றீர்களே. இன்று காலையும் ஓடியதா?

முடிச்சு

ஓடியது.

டோக்கன் தொலைத்தவர்

அப்படியென்றால் அவருடைய கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை.

முடிச்சு

...போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் வருகிறேன்.